குதிரை தந்த கொடையும் சுண்டெலி தந்த கருவியும்

மலர்க்குழு நண்பர் தொலைபேசியில் அழைத்தார். "சார், இந்த வருஷப் பொங்கல் மலருக்கு உங்க கட்டுரை ஒண்ணு வேணும். இலக்கியம் நிறைய வந்தாச்சு. நீங்க உங்க துறையைப் பத்தியே எழுதுங்க. ஆனா வீட்டுல இருக்கிறவங்களுக்கும் புரியணும்" என்றார். சரி என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் பயம் வந்தது. காரணம், புனேயில் வசிக்கும் நம்மவர்களிடம் நான் குதிரைகளைப் பற்றி ஆராய்கிறவன் என்று சொன்னால், பத்தில் ஒன்பது பேர் அடுத்துக் கேட்கும் கேள்வி: "அப்படின்னா ஞாயித்துக்கிழமை எந்தக் குதிரை சார் ஜெயிக்கும்?"

அது எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது குதிரையின் ரத்தத்தில் இருக்கும் நோய் எதிர்ப்புப் புரதங்களை அடையாளம் கண்டு அளக்கும் வேலை. அதற்குப் பயன்படும் கருவியும் ஒரு புரதம்தான். ஆய்வகத்தில் வளர்த்தெடுக்கப்பட்ட எதிர்ப்பொருள், அதாவது ஆன்டிபாடி. 'இதைத் தெரிந்துகொண்டு நமக்கு என்ன ஆகப்போகிறது?' என்று நினைக்கும் அன்பர்களுக்காக, என் சித்தப்பாவின் கதையில் தொடங்குகிறேன்.

சித்தப்பாவைக் கடித்த கண்ணாடி விரியன்

1981-ஆம் ஆண்டு. மன்னார்குடிக்குப் பக்கத்தில் எங்கள் கிராமம். அறுவடை நேரம். கதிர்க்கட்டைத் தூக்கப் போன சித்தப்பாவின் புறங்கையில் கண்ணாடி விரியன் கடித்துவிட்டது. மாட்டுவண்டியில் கொஞ்ச தூரம், பிறகு ஒரு லாரியில் தஞ்சாவூர். பெரிய ஆஸ்பத்திரியில் பாட்டில் பாட்டிலாக விஷமுறிவு மருந்து ஏற்றினார்கள். பிழைத்துக்கொண்டார். ஆனால் வீடு வந்த ஒரு வாரத்தில் காய்ச்சல், உடம்பெல்லாம் தடிப்பு, மூட்டுக்கு மூட்டு வலி. மறுபடியும் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். டாக்டர் சிரித்துக்கொண்டே, "பயப்படாதீங்க, பாம்பு விஷம் இல்லை இது. உங்களைக் காப்பாத்தின மருந்து குதிரையோட ரத்தத்துலேருந்து வந்தது. உங்க உடம்பு அந்தக் குதிரைப் புரதத்தோட சண்டை போடுது" என்றார்.

அன்றிலிருந்து சித்தப்பா ஊர் முழுக்க, "என் உடம்புல குதிரை ரத்தம் ஓடுதுடா" என்று சொல்லிக்கொண்டு திரிவார். பன்னிரண்டு வயதுப் பையனாக இருந்த எனக்கு அது ஒரு விடுகதை மாதிரி மனத்தில் தங்கிவிட்டது. குதிரை ரத்தம் எப்படி மனிதனைக் காப்பாற்றும்? காப்பாற்றியதே ஏன் பிறகு காய்ச்சலைக் கொடுக்கிறது? வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தபோதும் இந்தக் கேள்விதான் என்னோடு வந்தது.

இன்றைக்கும் நம் நாட்டில் பாம்புக்கடி மருந்து குதிரையிலிருந்துதான் வருகிறது. சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தார் நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கு பாம்புகளிலிருந்து விஷம் எடுக்கிறார்கள். அந்தச் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ கிடைத்தது நினைவிருக்கலாம். விஷத்தை மிகச் சிறிய அளவில் தொடங்கி, படிப்படியாகக் கூட்டிக் குதிரைக்கு ஊசியாகப் போடுவார்கள். குதிரையின் உடல் அதற்கு எதிர்ப்பொருளை உண்டாக்கும். பிறகு ரத்தம் எடுத்து, அந்த எதிர்ப்பொருளைப் பிரித்துச் சுத்தம் செய்தால் மருந்து. 2000 முதல் 2019 வரையிலான காலத்தைக் கணக்கிட்ட ஓர் ஆய்வு, இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்ததாகச் சொல்கிறது. பிழைத்தவர்களில் எத்தனையோ பேர் குதிரைக்குக் கடன்பட்டவர்கள்.

எதிர்ப்பொருளும் ஜிம் என்ற குதிரையும்

எதிர்ப்பொருள் என்பது இரண்டு கை விரித்த ஒரு புரதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் கைகளின் நுனி ஒரு குறிப்பிட்ட பொருளை மட்டும் பற்றிக்கொள்ளும் வடிவத்தில் இருக்கும். ஒரு பூட்டுக்கு ஒரு சாவி போல. விஷத்தைப் பற்றும் எதிர்ப்பொருள் விஷத்தை மட்டும் பற்றும். அம்மைக் கிருமியைப் பற்றாது. உடம்புக்குள் புதிதாக ஒன்று நுழைந்தால், அதற்குப் பொருந்தும் சாவியைச் செய்யும் வெள்ளை அணுக்கள் பெருகும். தடுப்பூசியின் அடிப்படையும் இதுதான்.

1890-இல் பெர்லினில் எமில் வான் பேரிங்கும் ஜப்பானியரான கிட்டசாட்டோவும், ஒரு பிராணியின் சீரத்தில் உண்டான எதிர்ப்பாற்றலை இன்னொரு பிராணிக்கு மாற்ற முடியும் என்று காட்டினார்கள். பேரிங்குக்கு 1901-இல் மருத்துவத்துக்கான முதல் நோபல் பரிசு கிடைத்தது. பெரிய அளவில் சீரம் வேண்டுமென்றால் பெரிய பிராணி வேண்டும். பாரிஸில் எமில் ரூ 1894-இல் குதிரைச் சீரத்தைக் கொண்டு தொண்டை அடைப்பான் கண்ட குழந்தைகளைக் காப்பாற்றிய செய்தி உலகமெங்கும் பரவியது. அதன்பின் குதிரைதான் எதிர்ப்பொருள் தொழிற்சாலை.

அதே 1901-இல் ஒரு துயரமும் நடந்தது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ஜிம் என்றொரு குதிரை. முன்பு பால்வண்டி இழுத்தது. பிறகு சீரம் கொடுத்தது. அதற்கு ரணஜன்னி வந்துவிட்டது. நோய் வந்த பிறகு எடுத்த சீரமும் சோதிக்கப்படாமல் புட்டிகளில் போய்விட்டது. 13 குழந்தைகள் இறந்தார்கள். அடுத்த ஆண்டே அந்நாட்டில் இத்தகைய மருந்துகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது. புட்டியின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்பது வேறு, உள்ளே என்ன இருக்கிறது என்பது வேறு. இந்தக் கட்டுரை முழுவதற்கும் இந்தப் பாடம்தான் அடிப்படை. நானும் அதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். அதைப் பின்னால் சொல்கிறேன்.

குதிரையை அறியச் சுண்டெலி எதற்கு?

நூறு ஆண்டுக்கு மேல் குதிரையிடமிருந்து எதிர்ப்பொருளை வாங்கிக்கொண்டிருந்தோம். ஆனால் அந்தக் குதிரைக்கே நோய் வந்தால் அதன் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க நம்மிடம் சரியான கருவி இல்லை. நோய் எதிர்ப்பு என்பது ஒரு புரதம் செய்யும் வேலையும் அல்ல. எதிர்ப்பொருளிலேயே பல வகை உண்டு. வெள்ளை அணுக்களின் மேற்பரப்பில் அவற்றின் வகையைக் காட்டும் அடையாளப் புரதங்கள் உண்டு. ஓர் அணு இன்னொன்றுக்குச் செய்தி அனுப்பும் சைட்டோகைன் என்ற புரதங்கள் உண்டு. நுண்ணோக்கியில் பார்த்தால் இவை எதுவும் தெரியாது. வெள்ளை அணுக்களில் உதவி செய்யும் வகையும் கொல்லும் வகையும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும்.

இங்கேதான் எதிர்ப்பொருளின் 'ஒன்றை மட்டும் பற்றும்' குணம் கைகொடுக்கிறது. குதிரையின் ஒரு புரதத்தைச் சுண்டெலிக்கு ஊசியாகப் போட்டால், சுண்டெலிக்கு அது அந்நியப் பொருள். அதைப் பற்றும் எதிர்ப்பொருளைச் சுண்டெலி உண்டாக்கும். அந்த எதிர்ப்பொருளோடு பச்சையாக ஒளிரும் சாயத்தையோ, நிறம் தரும் நொதியையோ இணைத்துவிட்டால், குதிரையின் ரத்தத்தில் அந்தப் புரதம் எங்கே இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று கண்ணால் பார்க்கலாம்.

ஒரு சிக்கல். சுண்டெலியின் ரத்தத்தில் ஆயிரக்கணக்கான வகை எதிர்ப்பொருள்கள் கலந்து இருக்கும். நமக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அதுவும் தீராமல் கிடைக்க வேண்டும். இதைத் தீர்த்தவர்கள் கேம்பிரிட்ஜில் வேலை செய்த ஜார்ஜ் கோலரும் சீசர் மில்ஸ்டீனும். ஆண்டு 1975. எதிர்ப்பொருள் செய்யும் அணு சுண்டெலியின் மண்ணீரலில் கிடைக்கும். ஆனால் வெளியே எடுத்தால் சில நாளில் செத்துவிடும். மைலோமா என்ற புற்று அணு சாகாமல் பெருகிக்கொண்டே இருக்கும். இரண்டையும் ஒட்டவைத்து ஒரே அணுவாக்கினார்கள். தாய் கொடுத்த கைத்திறனும் தந்தை கொடுத்த ஆயுளும் ஒரு பிள்ளையிடம் சேர்ந்தது போல.

ஒட்டாமல் தனியே நின்ற அணுக்களை என்ன செய்வது? மண்ணீரல் அணு தானே இறந்துவிடும். மைலோமா அணுவோ ஒரு நொதி குறைபட்டது. ஒரு குறிப்பிட்ட வளர்ப்பு நீரில் அதனால் பிழைக்க முடியாது. இரண்டும் சேர்ந்த கலப்பணு மட்டுமே தப்பும். தப்பியவற்றைக் குழிக்கு ஒன்றாகப் பிரித்து வளர்த்தால், ஒவ்வொரு குழியிலும் ஒரே அணுவின் சந்ததி, ஒரே வகை எதிர்ப்பொருள். அதனால்தான் இதற்கு மோனோகுளோனல் என்று பெயர். கோலருக்கும் மில்ஸ்டீனுக்கும் நீல்ஸ் யெர்னே என்பவரோடு சேர்த்து 1984-இல் நோபல் பரிசு கிடைத்தது. இந்த முறைக்கு அவர்கள் காப்புரிமை எடுக்கவில்லை. அதனால் உலகத்தின் எந்த மூலையில் இருந்த ஆய்வகமும் இதைச் செய்து பார்க்க முடிந்தது.

மனிதனுக்கும் சுண்டெலிக்கும் இத்தகைய எதிர்ப்பொருள்கள் ஏராளமாக வந்தன. குதிரைக்கு மெதுவாகத்தான் வந்தன. சந்தை சிறியது, வேறென்ன? 1991-இல் கேம்பிரிட்ஜிலும், மறுபடியும் 1995-இலும், குதிரை வெள்ளை அணுக்களின் அடையாளப் புரதங்களுக்காகப் பன்னாட்டுக் கூட்டாய்வுகள் நடந்தன. பல ஆய்வகங்கள் அவரவர் தயாரித்த எதிர்ப்பொருள்களைக் கொண்டுவந்து ஒப்பிட்டுப் பார்த்தன. எது எதைப் பற்றுகிறது என்று ஒரு பொதுப் பட்டியல் உருவானது. 2000-களின் நடுவில் அமெரிக்க வேளாண்மைத் துறையின் நிதியுதவியோடு குதிரை, மாடு, பன்றி, கோழி, மீன் ஆகியவற்றுக்கான எதிர்ப்பொருள்களைச் செய்யும் ஒரு கூட்டுத் திட்டமும் நடந்தது. 2009-இல் ட்வைலைட் என்ற பெட்டைக் குதிரையின் முழு மரபணுத் தொகுதி வெளியானது. அதன்பின் எந்தக் குதிரைப் புரதம் வேண்டுமோ அதன் மரபணுவைப் பார்த்து ஆய்வகத்திலேயே அப்புரதத்தைச் செய்துகொள்வது எளிதாயிற்று.

என் ஆறு மாதம் வீணான கதை

இனி என் கதை. 1993. முதுகலை ஆய்வுக்காக வடக்கே ஒரு கல்லூரியில் இருந்தேன். குதிரைக் குட்டிகளுக்கு வரும் நிமோனியாவில், கிருமி தொற்றிய அணுக்களைக் கொல்லும் வெள்ளை அணு எத்தனை குறைகிறது என்று எண்ண வேண்டும். இதுதான் தலைப்பு. குதிரைக்கென்றே செய்த எதிர்ப்பொருள் அப்போது எங்கள் கைக்கு எட்டவில்லை. ஒரு கம்பெனி விற்ற, மனித அணுவுக்காகச் செய்த எதிர்ப்பொருளை வாங்கினோம். 'பிற பாலூட்டிகளிலும் பயன்படலாம்' என்று சீட்டில் இருந்தது. அந்த 'லாம்' என் கண்ணில் படவில்லை.

முறை இதுதான். முதலில் சுண்டெலி எதிர்ப்பொருளைக் குதிரை அணுக்களோடு கலக்க வேண்டும். கழுவிவிட்டு, இரண்டாவதாக, சுண்டெலி எதிர்ப்பொருளைப் பற்றும் ஓர் ஆட்டு எதிர்ப்பொருளைச் சேர்க்க வேண்டும். இதோடு பச்சைச் சாயம் இணைந்திருக்கும். முதலாவது எங்கே ஒட்டியதோ அங்கே இரண்டாவது ஒட்டும், பச்சையாக ஒளிரும். இருட்டறையில் நுண்ணோக்கி முன் உட்கார்ந்து பச்சை அணுக்களை எண்ணினேன். 22 குட்டிகள், ஆறு மாதம். அழகான எண்கள் வந்தன. வரைபடம் போட்டு அப்பாவுக்குக் கடிதம்கூட எழுதிவிட்டேன்.

ஒருநாள் வேறு ஊரிலிருந்து வந்த ஒரு பேராசிரியர் என் ஸ்லைடுகளைப் பார்த்தார். ஒரே கேள்விதான் கேட்டார்: "முதல் எதிர்ப்பொருள் போடாத ஸ்லைடு எங்கப்பா?"

என்னிடம் இல்லை. செலவையும் நேரத்தையும் மிச்சப்படுத்த அதை விட்டிருந்தேன். அன்று மாலையே போட்டுப் பார்த்தேன். அதிலும் அதே பச்சை! வயிற்றைக் கலக்கியது.

நடந்தது இதுதான். முதல் எதிர்ப்பொருள் குதிரை அணுவைத் தொடவே இல்லை. இரண்டாவதாகப் போட்ட ஆட்டு எதிர்ப்பொருள், சுண்டெலியின் எதிர்ப்பொருளைப் பற்ற வேண்டியது, அதற்கு ஓரளவு ஒத்த குதிரையின் எதிர்ப்பொருளையும் பற்றிக்கொண்டது. எதிர்ப்பொருள் செய்யும் 'பி' வகை அணுக்கள் தம் மேற்பரப்பில் எதிர்ப்பொருளைச் சுமந்திருக்கும். அவைதான் பச்சையாக ஒளிர்ந்தன. கொல்லும் அணுக்களை எண்ணுவதாக நினைத்து, ஆறு மாதம் வேறு ஒரு வகையை எண்ணிக்கொண்டிருந்தேன். குட்டிகள் அதற்குள் வளர்ந்து விற்றுப் போய்விட்டன. மறுபடி ரத்தம் எடுக்கவும் வழியில்லை.

கம்பெனியின் மேல் கோபம் வந்தது உண்மை. ஆனால் தப்பில் பாதி என்னுடையது. அன்றிலிருந்து ஒரு வழக்கம். எந்தப் புட்டி வந்தாலும், எவ்வளவு பெரிய பெயர் அதன் மேல் இருந்தாலும், முதலில் சோதனை. வேண்டிய புரதம் இருக்கும் மாதிரியில் ஒட்டுகிறதா? இல்லாத மாதிரியில் ஒட்டாமல் இருக்கிறதா? முதலாவதைப் போடாவிட்டால் வெறுமையாக இருக்கிறதா? இந்த மூன்றுக்கும் சரியான விடை வந்தால்தான் குதிரையிடம் போவேன்.

சீம்பால் சோதனை

இனி இந்தக் கருவியால் என்ன பயன் என்று பார்ப்போம். முதல் உதாரணம், நம் வீட்டுப் பெண்கள் எல்லாருக்கும் தெரிந்த சீம்பால். மனிதக் குழந்தைக்குத் தாயின் எதிர்ப்பொருள் கருவிலேயே நஞ்சுக்கொடி வழியாக வந்துவிடும். குதிரைக்கு அப்படி இல்லை. அதன் நஞ்சுக்கொடி எதிர்ப்பொருளைக் கடத்தாது. குட்டி பிறக்கும்போது ரத்தத்தில் ஏறக்குறைய எதிர்ப்பொருளே இராது. பிறந்த சில மணி நேரத்துக்குள் சீம்பால் குடித்தாக வேண்டும். சுமார் 24 மணி நேரம் ஆனால் குடலின் கதவு மூடிவிடும். அதன்பின் எவ்வளவு குடித்தாலும் எதிர்ப்பொருள் ரத்தத்தில் சேராது.

குட்டி குடித்ததா, குடித்தது போதுமா என்று வெளியே பார்த்துச் சொல்ல முடியாது. ஆகவே முதல் நாள் முடியும் தறுவாயில் ஒரு துளி ரத்தம் எடுத்து, குதிரையின் ஐஜிஜி என்ற எதிர்ப்பொருளை, அதைப் பற்றும் வேறொரு எதிர்ப்பொருளைக் கொண்டு அளக்கிறோம். 100 மில்லிலிட்டரில் 800 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் நிம்மதி. 400-க்குக் கீழே போனால் ஆபத்து; பெரிய குதிரையின் பிளாஸ்மாவை ஏற்ற வேண்டும். தப்பான சோதனைப் பொருள் 'போதும்' என்று பொய் சொன்னால், இரண்டு மூன்று நாளில் அந்தக் குட்டி ரத்தத்தில் கிருமி பரவி நம் கண்ணெதிரே சாகலாம். தாய்க்குதிரை அதை மூக்கால் தள்ளித் தள்ளி எழுப்பப் பார்க்கும். நான் பார்த்திருக்கிறேன். மறக்க முடியாது.

அளவு ஒன்றே, வகை வேறு

குதிரைக்கு ஐஜிஜியிலேயே ஏழு உள்வகைகள் உண்டு. மனிதனுக்கு நான்குதான். முன்பு இவற்றை முழுமையாகப் பிரித்தறிய முடியாது. ரணஜன்னித் தடுப்பு மருந்து திரும்பத் திரும்பப் போட்ட குதிரைகளில் மிகுந்து தெரிந்த ஒரு வகைக்கு, ஆங்கிலத்தில் அந்நோயின் முதலெழுத்தான 'டி'யைச் சேர்த்து ஐஜிஜி-டி என்று பெயர் வைத்தார்கள். அது ஐஜிஜி-3, ஐஜிஜி-5 என்ற இரண்டின் கூட்டு என்று பின்னால்தான் தெளிவாயிற்று. விஷமுறிவு மருந்துக்காக வளர்க்கும் குதிரைகளிலும் இந்த வகைக்கு முக்கியப் பங்கு உண்டு. சித்தப்பாவைக் காப்பாற்றியதில் இதற்கும் ஒரு பங்கு இருந்திருக்கும்!

உள்வகைகளைத் தனித்தனியே பற்றும் மோனோகுளோனல் எதிர்ப்பொருள்கள் 1998-இல் விவரிக்கப்பட்டன. அதே ஆண்டில் அவற்றின் பயனும் தெரிந்தது. குதிரை ஃப்ளூ காய்ச்சல் வந்து தேறிய குதிரைகளையும், அக்காலத்து வழக்கமான தடுப்பூசி போட்ட குதிரைகளையும் ஒப்பிட்டார்கள். நோய் வந்து தேறியவற்றில் ஒரு வகை ஐஜிஜி. ஊசி போட்டவற்றில் பெரும்பாலும் ஐஜிஜி-டி. நோய் வந்து தேறியவை மறுபடி வைரஸ் வந்தபோது தாக்குப்பிடித்தன. ஊசி போட்டவை அந்த அளவு தாக்குப்பிடிக்கவில்லை. 'எவ்வளவு எதிர்ப்பொருள்?' என்று மட்டும் கேட்டால் போதாது, 'எந்த வகை?' என்றும் கேட்க வேண்டும் என்பது அப்போது புரிந்தது. இந்தியாவில் 1987-இலும் 2008-09-இலும் குதிரை ஃப்ளூ பரவியது. பந்தயங்கள் நின்றன என்பது செய்தியில் வந்தது. வண்டிக் குதிரையையும் பொதி சுமக்கும் மட்டக்குதிரையையும் நம்பி வாழ்ந்தவர்கள் பாடு அவ்வளவாக வரவில்லை. நல்ல தடுப்பூசி அவர்களுக்குத்தான் முதலில் வேண்டும்.

ஊர் மாறிய குதிரைகள்

நம் சங்கத்து அன்பர்களுக்குப் பிடிக்கும் என்று நினைக்கும் ஓர் உதாரணம். குதிரை நம் மண்ணுக்கும் கப்பலில் வந்திறங்கியதுதான். காவிரிப்பூம்பட்டினத்துக்குக் கடல்வழியே குதிரைகள் வந்ததைப் பட்டினப்பாலை சொல்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, ஆண்டுதோறும் ஏராளமான குதிரைகள் இறக்குமதியானதையும், அவற்றில் பெரும்பகுதி பிழைக்காமல் போனதையும் எழுதியிருக்கிறார். மண் மாறினால் உடம்பும் திணறும்.

ஐஸ்லாந்து தீவில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகத் தனியே வாழும் ஒரு குதிரை இனம் உண்டு. வெளியிலிருந்து எந்தக் குதிரையையும் அங்கே கொண்டுவரக் கூடாது. வெளியே போன குதிரையும் திரும்பி வரக் கூடாது என்பது சட்டம். அப்படி ஐரோப்பிய நாடுகளுக்கு விற்கப்பட்ட குதிரைகளில் மிகப் பல, ஓரிரு கோடைகளில் தாங்க முடியாத அரிப்பால் அவதிப்பட்டன. பிடரியையும் வாலடியையும் மரத்தில் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொள்ளும். காரணம் கூலிகாய்ட்ஸ் என்ற கடிபூச்சி. பிறந்த மண்ணில் அந்தக் கடியை அவை அறிந்ததே இல்லை. அதே இனத்துக் குதிரைகளுக்கு வெளிநாட்டிலேயே பிறந்த குட்டிகளுக்கு இந்த நோய் குறைவாகத்தான் வருகிறது என்பது வேடிக்கை. நம் பிள்ளைகள் புனேக் குளிரில் சட்டை பட்டனைத் திறந்துவிட்டு ஓடுவதையும், நாம் மஃப்ளர் கட்டிக்கொண்டு நிற்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஒவ்வாமையை ஆராய, குதிரையின் ஐஜிஈ என்ற எதிர்ப்பொருளையும், ஒவ்வாமைப் பக்கம் உடம்பைத் திருப்பும் ஐஎல்-4 என்ற சைட்டோகைனையும் அளக்க வேண்டும். ரத்தத்தில் இவை மிக மிகக் குறைவு. அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெட்டினா வாக்னர் போன்றோர் குதிரைக்கென்றே செய்த மோனோகுளோனல் எதிர்ப்பொருள்கள் வந்த பிறகுதான், ஒவ்வாமை கொண்ட குதிரையின் அணுக்கள் ஐஎல்-4-ஐ மிகுதியாகச் சுரப்பது அளவிடப்பட்டது. எங்கே தடுக்க வேண்டும் என்று தெரிந்துவிட்டதால், ஊர் மாறுவதற்கு முன்பே ஊசி போட்டுப் பழக்கும் முயற்சிகளும் நடந்திருக்கின்றன.

ஒரு நிறம், ஓர் உயிர்

கடைசி உதாரணம் நம் நாட்டுக்கே உரியது. க்ளாண்டர்ஸ் என்ற கொடிய நோய் குதிரை, கழுதை, கோவேறு கழுதைகளுக்கு வருவது; மனிதருக்கும் தொற்றும். 1899-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றே இதற்காக முன்பு இருந்தது. நோய் உறுதியானால் அந்தப் பிராணியைக் கொன்று புதைத்தாக வேண்டும். ஹரியானாவின் ஹிசாரில் உள்ள தேசிய குதிரையின ஆய்வு மையத்தில் இதற்கான எலைசா சோதனை உருவாக்கப்பட்டிருக்கிறது. தட்டில் கிருமியின் புரதம். அதன்மேல் பிராணியின் சீரம். அதன்மேல் குதிரை எதிர்ப்பொருளைப் பற்றும் நொதி இணைத்த எதிர்ப்பொருள். நோய் இருந்தால் குழியில் நிறம் வரும்.

அந்தக் கடைசிப் பொருள் தரமில்லாமல் கண்டதையும் பற்றினால், நோயில்லாத கழுதைக்கும் நிறம் வரும். செங்கல் சூளையில் ஒற்றைக் கோவேறு கழுதையை வைத்துக் குடும்பம் நடத்துகிறவருக்கு அந்த நிறம் என்ன அர்த்தம் என்று யோசித்துப் பாருங்கள். தரமில்லாமல் எதையும் பற்றாமல் போனால் நோயுள்ள பிராணி தப்பிவிடும். அதைப் பராமரிக்கும் மனிதருக்கே ஆபத்து. ஆகவேதான் சந்தேகத்துக்கு இடமிருந்தால் இன்னொரு முறையிலும் சோதித்து உறுதி செய்துகொள்கிறோம்.

முடிவாக

இத்தனை நேரம் பொறுமையாகப் படித்த அன்பர்களுக்கு இரண்டு வேண்டுகோள்.

முதலாவது வீட்டுப் பெரியவர்களுக்கு. ஊருக்குப் போகும்போது பாம்பு கடித்தவர்களைக் கண்டால், கடிவாயைக் கத்தியால் கீறுவதும் வாயால் உறிஞ்சுவதும் கயிற்றால் இறுக்கிக் கட்டுவதும் வேண்டாம். கடிபட்ட உறுப்பை அசைக்காமல், உடனே விஷமுறிவு மருந்து இருக்கும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். மருந்து ஏற்றிய சில நாள் கழித்துத் தடிப்போ மூட்டுவலியோ வந்தால் பயப்படாமல் அதே டாக்டரிடம் காட்டுங்கள்.

இரண்டாவது, உயிரியல் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு. ஆய்வகத்தில் அழகான முடிவு வந்தவுடன் அப்பாவுக்கு போன் போடாதீர்கள். முதலாவதைப் போடாத ஸ்லைடு ஒன்றைப் போட்டுப் பாருங்கள். அது வெறுமையாக இருந்தால் பிறகு போன் போடலாம்.

சித்தப்பா 2011-இல் காலமானார், தம் எண்பதாவது வயதில். அதற்கு இரண்டு வருஷம் முன்னால் புனே வந்திருந்தார். ஆய்வகத்துக்கு அழைத்துப் போனேன். குதிரையின் எதிர்ப்பொருளைப் பற்றிய சுண்டெலி எதிர்ப்பொருள், நுண்ணோக்கியில் பச்சையாக ஒளிர்ந்தது. குனிந்து வெகுநேரம் பார்த்தார். "இதுதானாடா எனக்குள்ள ஓடினது?" என்றார்.

"ஆமாம் சித்தப்பா, இந்த ஜாதிதான்."

"அப்ப அந்தக் குதிரைக்கு ஒடம்பு சரியில்லன்னா நீ பாக்கறே."

"ஆமாம்."

"நல்லா பாரு" என்றார். நிமிர்ந்து, தோளில் இருந்த துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நுண்ணோக்கி வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது என்று சொன்னார்.